எழவு வீட்டு கிட்டார்

சென்ற வியாழக்கிழமை காலை. இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று எங்கள் வீட்டில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. கந்தர்வக்கோட்டையிலிருந்து மைக்செட் பாலு.

“அண்ணே, செல்வராசு அண்ணன் போயிட்டாருண்ணே. காலையில கடையத் தொறந்துட்டு சேர்ல உக்காந்தவருதான்… அப்படியே சாஞ்சுட்டாரு.”

சட்னியாவது, சாம்பாராவது. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

செல்வராசு யார் என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. டிவியில் வந்ததில்லை, சினிமாவில் வாசித்ததில்லை, எந்த விருதும் அவர் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால், கடந்த சில வருஷங்களில் நீங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏதாவது ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தால், அவர் கிட்டாரைக் கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக அழுதும் இருப்பீர்கள்.

யார் வாசித்தது என்று கேட்டீர்களா? நானும்தான் கேட்டதில்லை. சாவு வீட்டில் போய் யாராவது அதைக் கேட்பார்களா?

அவரை நான் சந்தித்ததே எங்கள் வீட்டு போர்வெல் மோட்டார் கருகிப்போனதால்தான். புதுக்கோட்டையில் இரண்டு பேர் கைவிரித்த பிறகு, யாரோ சொல்லி கந்தர்வக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். மோட்டாருக்கு காயில் கட்டுகிற சின்னக் கடை. உள்ளே தாமிரக் கம்பிச் சுருள்கள், வார்னிஷ் நாற்றம், கழற்றிப் போட்ட மோட்டார்கள். நடுவில் ஒரு மனிதர் எலெக்ட்ரிக் கிட்டாரை மடியில் படுக்கவைத்து, அதன் கம்பிகள் மேல் பாக்ஸ் ஸ்பானர் ஒன்றை மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தார்.

முதலில், ஏதோ மோட்டாரில் பேரிங் போய்விட்டது என்றே நினைத்தேன். இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும்… எனக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

“அஞ்சு நிமிஷம் இருங்கண்ணே. இது முடியப் போகுது” என்றார்.

முடியவில்லை. அரை மணி நேரம் ஆனது. நான் கிளம்பவும் இல்லை. ஏன் கிளம்பவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

திருச்சியில் ஐடிஐ படித்தபோது ஹாஸ்டல் நண்பன் ஒருவனின் கேசட்டில்தான் முதன்முதலாக ராக் இசையைக் கேட்டாராம். பிறகு சென்னைக்குப் போய் ஒரு பேண்டில் சில வருஷங்கள். காலேஜ் கல்ச்சுரல்ஸ், கைதட்டல், தலைமுடியைத் தோள்வரை வளர்த்த போட்டோக்கள். அப்புறம் டிரம்ஸ் வாசித்தவர் கனடா போனார். பாடியவர் பேங்க் வேலைக்குப் போனார். இவர் முடியை வெட்டிக்கொண்டு ஊருக்கு வந்து காயில் கடை போட்டார். வழக்கமான கதைதானே என்பீர்கள். வழக்கமான கதையில் ஆள் இத்தோடு கிட்டாரைப் பரணில் போட்டுவிடுவான். செல்வராசு போடவில்லை. ஊருக்கு வந்த பிறகுதான் அவருடைய அசல் இசையே தொடங்கியது.

கிட்டார் கம்பி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிபயருக்கு அனுப்ப உள்ளே ஒரு காந்தச் சுருள் இருக்கும். பிக்கப் என்பார்கள். செல்வராசு அதைத் தானே கட்டினார், மோட்டாருக்கு வாங்கும் அதே தாமிரக் கம்பியில். அதனால் அவர் கிட்டாரின் சத்தம் உலகத்தில் வேறு எந்தக் கிட்டாருக்கும் கிடையாது. ஸ்பானரை உருட்டினால் தொண்டை கட்டிய ஆள் பேசுவது போலக் கேட்கும்.

மூன்று ஆல்பம் போட்டார். எல்லாம் இண்டர்நெட்டில், இலவசமாக. அதில் ஒன்றின் பெயர் ‘மும்முனை’. விவசாயிகளுக்குத் தெரியும், மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று காத்துக்கிடப்பது என்னவென்று. அந்த ஆல்பம் ஒரே பாட்டு. டிரான்ஸ்பார்மரின் ‘உம்ம்ம்’ என்ற ரீங்காரத்தில் ஆரம்பிக்கும். அதே சுருதியில் கிட்டார் வந்து சேரும். நெடுநேரம் ஒன்றும் நடக்காது… காத்திருப்பு மட்டும்தான். பிறகு திடீரென்று மோட்டார் ஓடும், தொட்டியில் தண்ணீர் மொத்தென்று விழும், கிட்டார் அதன்மேல் ஏறி ஆடும். ஆடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கரண்ட் போகும். பாட்டு முடிந்தது.

இப்படியா முடிப்பார்கள் என்று கேட்டேன்.

“நானா முடிச்சேன்? நெசமாவே கரண்ட் போயிருச்சுண்ணே” என்றார்.

அதை எத்தனை பேர் கேட்டார்கள் என்று கேட்காதீர்கள். நார்வேயிலிருந்து ஒருவர் மட்டும், உங்கள் இசையைக் கேட்டால் எங்கள் ஊர்க் குளிர்காலம் போல இருக்கிறது என்று எழுதியிருந்தார். அது பாராட்டா, திட்டா என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்து அவருடைய கவர் வெர்ஷன்கள். அதாவது, அடுத்தவர் பாட்டை எடுத்துத் தன் பாணியில் வாசிப்பது. இன்றைக்கு மொபைல் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் செய்கிறார்கள். அதே பாட்டு, அதே மெட்டு, கூடுதலாகக் கண்ணை மூடிக்கொள்வார்கள். செல்வராசுக்கு அது ஆகாது. அப்படியே வாசித்தால் அது ஜெராக்ஸ், ஜெராக்ஸ் கடைதான் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே இருக்கிறதே என்பார்.

ஒரு தேர்தல் பிரச்சாரப் பாட்டை எடுத்து அதன் வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினார். கேட்டால் அந்தக் கட்சிக்காரரே ஓட்டுப் போட மாட்டார். வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு டியூன் அடிக்குமே, அதைக்கூட விடவில்லை. ஒரு தாலாட்டை போர் போடுகிற லாரியின் சத்தத்தோடு சேர்த்து வாசித்தார். எந்தக் குழந்தையும் அதற்குத் தூங்காது. ஆனால், தூங்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடக்கிறாளே ஒருத்தி, அவளுடைய எரிச்சலும் அசதியும் அதில் இருந்தன. தாலாட்டுப் பாடியவர்கள் எல்லாரும் குழந்தையைப் பற்றித்தான் பாடினார்கள். இவர் அம்மாவைப் பற்றி வாசித்தார் என்று எனக்குப் பட்டது.

அப்படி வாசித்ததில் ஒன்றுதான் அந்தப் பழைய சோகப் பாட்டு. பெயர் சொல்ல வேண்டாம். குரலே இல்லாமல், வெறும் கிட்டாரும் ஸ்பானரும். அசல் பாட்டில் இரண்டு சரணங்களுக்கு நடுவே வயலின்கள் கூட்டமாக வரும். செல்வராசு அந்த இடத்தில் வயலினைக் காப்பி அடிக்காமல், தானே ஒரு மெட்டுப் போட்டு நிரப்பினார். அரை நிமிஷம்கூட இருக்காது. மொத்தப் பாட்டிலும் அவருடைய சொந்தச் சரக்கு அவ்வளவுதான். அந்த அரை நிமிஷம் எனக்கு உயிர்.

வினை அங்கேதான் வந்தது.

பக்கத்துக் கடைக்காரர் மைக்செட் பாலு. ஆம்ப்ளிபயர் ரிப்பேருக்கு வந்தவர் இதைக் கேட்டு அசந்துபோய், பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு துக்க வீட்டில் போட்டார். வந்த சனம் அழுத அழுகையைப் பார்த்து அடுத்த ஊர் மைக்செட்காரர் வாங்கிக்கொண்டார். அவரிடமிருந்து இன்னொருவர். பென் டிரைவிலிருந்து பென் டிரைவுக்குத் தாவி கீரனூர், அன்னவாசல், பொன்னமராவதி என்று பரவி, கடைசியில் சாவு அறிவிப்புச் செய்யும் ஆட்டோக்கள் வரைக்கும் போய்விட்டது. யார் கிட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி உண்டா?

வெற்றியா? அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள்.

சாயங்காலம் கடையில் உட்கார்ந்து அவர் எதையாவது வாசிப்பார். எதிர் வீட்டு அம்மா வெளியே வந்து, “யாரு வீட்டுக் கேதம்ப்பா?” என்று தெருவில் விசாரிப்பார். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக் கூப்பிட்டார்கள், கிட்டாரை மட்டும் கொண்டுவர வேண்டாம் என்ற வேண்டுகோளுடன். ஒரு கல்யாண ரிசப்ஷனில் கம்பி சரி செய்வதற்காக ஸ்பானரை ஒருமுறை இழுத்தார். அவ்வளவுதான், மாப்பிள்ளையின் பெரியப்பா மேடைக்கே வந்துவிட்டார்.

ஆனாலும் மனிதர் விடவில்லை. போன வருஷம் சொந்த ஊர்த் திருவிழாவில் கெஞ்சிக் கூத்தாடி கொஞ்ச நேரம் வாங்கினார். ஆர்கெஸ்ட்ரா முடிந்து நாடகம் ஆரம்பிப்பதற்கு முன்னால். ‘மும்முனை’யை முதன்முதலாக ஊருக்கு முன்னால் வாசிக்கப்போகிறேன் என்று என்னையும் வரச்சொன்னார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். புதுச் சட்டை போட்டிருந்தார்.

வாசிக்க ஆரம்பித்தார். அந்தச் சோகப் பாட்டின் ஒரு சுரம்கூட அதில் கிடையாது. ஆனால் அதே கிட்டார், அதே காயில், அதே ஸ்பானர். முதல் இழுப்பிலேயே பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். விழா கமிட்டித் தலைவர் மேடைக்கு வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் கிட்டார் ஒயரின் ஜாக்கைப் பிடுங்கினார்.

“சாமி பொறப்படுற நேரத்துல எழவுப் பாட்டா வாசிப்பீங்க? விவஸ்த வேணாமா?”

இது வேறு பாட்டு என்று செல்வராசு சொல்லிப்பார்த்தார். நானும் எழுந்து சொன்னேன். கேட்பார் இல்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர்கள் அப்பனையும் ஆத்தாவையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தச் சத்தம் வந்தால் அவர்களுக்கு உடம்பு பதறுகிறது. கலை மக்களைத் தொட வேண்டும் என்கிறார்களே… தொட்டது, போதுமா?

அன்றோடு அவர் கிட்டாரைச் சுவரில் மாட்டியவர்தான். மைக்செட்காரர்களிடம் போய் அந்தப் பாட்டை அழித்துவிடுங்கள் என்று கேட்டுப்பார்த்தார். அது இல்லாமல் துக்க வீடா என்று சிரித்தார்கள்.

இரண்டு மாதம் முன்பு ஒரு மத்தியானம் அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் இல்லை. ரோட்டில் அறிவிப்பு ஆட்டோ போனது. அவருடைய கிட்டார்தான். அவருடைய அந்த அரை நிமிஷம் வந்ததும் ஆட்டோக்காரர் சவுண்டைக் குறைத்துவிட்டு, காலமானவரின் பெயரையும் ஊரையும் எடுக்கிற நேரத்தையும் சொன்னார். சொல்லி முடித்துச் சவுண்டை ஏற்றும்போது சரணம் வந்துவிட்டது. எல்லா ஊரிலும் அப்படித்தான். பேசுவதற்கு வாகாக இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

செல்வராசு ஆட்டோ போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சொந்தமாப் போட்டதுல இந்த ஊரு கேட்டது அந்த அரை நிமிஷந்தாண்ணே. அதுலயும் எவனாவது ஒருத்தன் செத்தவன் பேரச் சொல்றான். எனக்கு ஒண்ணு மட்டும் செய்யுங்க. நான் போனா, அந்தப் பாட்டப் போடவிடாதீங்க.”

எனக்கு நீங்கள் ஆறு வயசு இளையவர், நான்தான் முதலில் போகவேண்டியவன் என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. சரி, போடவிடமாட்டேன் என்றேன்.

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் செல்வராசு. திருவிழா அன்று போட்ட அதே சட்டை. பாலு ஸ்பீக்கர்களைக் கட்டிவிட்டு, எதையும் போடாமல் ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் சொல்லும் முன்பே, “அது வேணாம்ண்ணே, எனக்கும் தெரியும்” என்றார். முதல் பென் டிரைவ் அவருடையது அல்லவா?

என் மொபைலில் இருந்த ‘மும்முனை’யைப் போடச் சொன்னேன்.

‘உம்ம்ம்’ என்று ஆரம்பித்தது. உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். செல்வராசின் சித்தப்பா வந்து, ஆம்ப்ளிபயர் இரைகிறது, என்னவென்று பார் என்றார். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஒருவர் தானாக எழுந்துவந்து எர்த் கம்பியைச் சரிபார்த்தார். இன்னொருவர் ஒயரை உருவி ஊதிவிட்டுத் திரும்பச் சொருகினார். எல்லாரும் உதவி செய்யத்தான் வந்தார்கள். கிட்டார் மெல்ல வந்து சேர்ந்தபோது, “சவுண்டு கிளியரா இல்லயேப்பா” என்றார் சித்தப்பா.

இதுதான் செல்வராசின் பாட்டு என்று சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். நான் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று வந்தது. வெளியூர்ச் சனம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, பாட்டுச் சத்தத்தை வைத்துத்தான் துக்க வீடு எங்கிட்டு என்று கண்டுபிடித்து வருவார்கள். வழக்கமான சத்தம் இல்லை. மோட்டார் ஓடுகிற சத்தமும் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டால், யாரோ வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்றுதானே நினைப்பார்கள்? மாலையோடு வந்த ஒரு கூட்டம் கோயில் வரைக்கும் போய்ச் சுற்றிவிட்டு வந்தது. ஒரு வேன் முந்திரிக்காட்டுப் பக்கமே போய்விட்டது.

செல்வராசின் மனைவி வசந்தா எழுந்து என்னிடம் வந்தார். அழுது அழுது குரலே இல்லை.

“எங்கிட்டயும் சொல்லியிருக்காருண்ணே, அந்தப் பாட்டு வேணாம்னு. ஆனா எங்க அக்கா பொன்னமராவதிலேர்ந்து வந்து, எடம் தெரியாம ஊருக்குள்ள தேடிக்கிட்டு நிக்கிறா. அதயே போடச் சொல்லுங்க.”

கட்டினவள் சொல்கிறாள். பாட்டைக் கேட்கவைப்பதா, அக்காளை வந்து சேரவைப்பதா? தலையாட்டினேன். தலையாட்டும்போது எனக்கு ஏற்பட்ட வெறுப்பை யார்மீது காட்டுவது என்று தெரியவில்லை.

பாலுவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். நடுவில் வருகிற அந்த அரை நிமிஷத்தில் மட்டும் இன்றைக்கு எதுவும் பேசவேண்டாம், அதை முழுசாக விட்டுவிடுங்கள் என்று. பாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சத்தியமா பேசமாட்டேண்ணே” என்றார்.

அந்தப் பாட்டு ஆரம்பித்தது.

ஸ்பானர் கம்பியில் முதல்முறை இழுபட்டதும் பந்தலே உடைந்து அழுதது. அதுவரை ஓரமாக நின்று வேலித் தகராறு பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஆண்கள்கூட அழுதார்கள். வசந்தாவின் அக்கா தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு சரியாக வீட்டைப் பார்த்து ஓடிவந்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. எந்தப் பாட்டைப் போடவிடமாட்டேன் என்று சொன்னேனோ, அதற்கே அழுதேன். பெட்டிக்குள் இருக்கிற மனிதர்தான் தங்களை இப்படி அழவைக்கிறார் என்று அங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? நாலு பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம்.

நம் ஊரில் யாரும் ஒரு கலைஞனை வேண்டுமென்று ஒழிப்பதில்லை. அவனிடமிருந்து நமக்கு ஆகிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மீதியை அவனே வைத்துக்கொண்டு சாக வேண்டியதுதான். இதற்கு யாரைத் திட்டுவது?

முதல் சரணம் முடிந்தது. அந்த அரை நிமிஷம் தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு மூன்று சுரங்கள்தான் வந்திருக்கும்.

“பாலு, எடுக்குற நேரத்தச் சொல்லு. பஸ்ஸுக்கு வந்த சனமெல்லாம் கேக்குது” என்றார் சித்தப்பா.

கண்ணைத் திறந்தேன். பாலு என்னைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். வந்த சனத்துக்கு நேரம் தெரிய வேண்டாமா? எத்தனையோ வருஷப் பழக்கம், அந்த இடம் வந்ததும் அவர் கை தானாகப் போய்ச் சவுண்டைக் குறைத்தது. மைக்கை எடுத்தார். குரல் உடைந்திருந்தது.

“காயில் கடை செல்வராசு அவர்கள் இன்று காலை நம்மை விட்டுப் பிரிந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரது இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணிக்கு அவரது இல்லத்திலிருந்து புறப்படும்.”

பின்னால், சன்னமாக, அவருடைய அந்த மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொந்தமாகப் போட்ட இசையோடு சேர்த்து, அவர் பெயரை ஒருவர் மைக்கில் சொன்னது அதுதான் முதல் தடவை.

சவுண்டு ரொம்ப கிளியராக இருந்தது.